புளியங்கொட்டைக் கணக்கு

ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வருகிற எந்த அப்பாவும், ஷூவைக் கழற்றுவதற்கு முன்னால் ஒண்ணாம் கிளாஸ் பிள்ளையிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

பிள்ளைக்கு ஆறு வயசு. இன்னும் பொய் சொல்லப் பழகவில்லை. "விளையாடினோம்ப்பா" என்கிறது.

அவ்வளவுதான், அப்பாவுக்கு பி.பி. ஏறுகிறது. "இதுக்கா டேர்ம் ஃபீஸ் கட்டறேன்?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்கிறார். (ஏன் அம்மாவைப் பார்த்து என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.) நல்லவேளை, 'நீங்க இன்னிக்கு ஆபீஸ்ல என்னப்பா பண்ணீங்க?' என்று பிள்ளை திருப்பிக் கேட்பதில்லை. கேட்டால் பல வீடுகளில் கிரிக்கெட் ஸ்கோர்தான் பதிலாக வரும்.

நம் ஊர்த் தகப்பன்மார்களுக்குப் படிப்பு என்றால் கஷாயம். கசந்தால்தான் உள்ளே போய் வேலை செய்கிறது என்று அர்த்தம். நான் பி.காம். ஆசாமி. ஆகவே எனக்கு இது வேறு மாதிரி தெரிகிறது. ஹோம்வொர்க் நோட்டு என்பது ஒரு வவுச்சர். நாலு கோடு நோட்டில் அம்பது தடவை 'ஐ' எழுதியிருந்தால், கட்டின ஃபீஸுக்கு ரசீது கிடைத்த திருப்தி. விளையாட்டுக்கு ரசீது கிடையாது. ரசீது இல்லாத செலவை ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார், தகப்பனாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இந்த வரவு செலவில் மாட்டிக்கொண்டு முழிப்பது அந்தப் பிஞ்சு மணிக்கட்டு. மனித மணிக்கட்டில் எட்டுக் குட்டி எலும்புகள் உண்டு. ஐந்து வயதுக் குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எட்டும் தெரியாது. சிலது அப்போது வெறும் குருத்தெலும்பு. கடைசி எலும்பு கெட்டிப்பட ஆரம்பிக்கவே எட்டு, பத்து வயசாகிவிடும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து 'ஐ' எழுது என்றால், குழந்தை எழுதுவதற்கு முன்னால் அழுகிறது. களிமண் உருட்டி, கொட்டை பொறுக்கி, மணி கோத்துத்தான் விரல்களுக்குப் பிடிமானம் வரவேண்டும். நமக்கெல்லாம் உத்தியோகத்தில் ஆறு மாசம் ப்ரொபேஷன் கொடுக்கிறார்களே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டை பொறுக்குவதன் மகிமையெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். கல்வராயன் மலையில் நேரில் பார்த்தேன்.

* * *

மாசி மாதத்தில் கள்ளக்குறிச்சியில் ஒரு சிநேகிதன் கல்யாணம். விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26-ம் தேதி தனி மாவட்டமான ஊர். 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதிலிருந்து, ஊர் பேரைச் சொன்னாலே சென்னையில் "ஓ... அந்த ஊரா?" என்று இழுக்கிறார்கள். அந்த ஊரில் நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளைகிற சேதி யார் காதிலும் ஏறுவதில்லை.

பந்தியில் பக்கத்து இலையில் ஒரு டீச்சர். மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட அக்கா. கல்வராயன் மலையில் ஒரு அரசுத் தொடக்கப் பள்ளியில் வேலை. நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று யாரோ கோள் மூட்டிவிட்டார்கள்.

"எழுதறவர்னா நாளைக்கு மலைக்கு வாங்க ஸார். எங்க ஒண்ணாங் கிளாஸைப் பார்த்துட்டு எழுதுங்க" என்றார். சாம்பார் ஊற்ற வந்தவர்கூட நின்று என்னைப் பார்த்தார். முடியாது என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் காலை பஸ். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டியதும் ரோடு மலையேற ஆரம்பிக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு இது. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன். பெரியது சராசரி 4,000 அடி உயரம். கடுக்காய், சாமை, மரவள்ளி. அங்கே வாழ்கிற பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். உடனே பாலக்காட்டையும் புட்டு கடலையையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். மலைக்காரர்கள் என்ற அர்த்தத்தில்தான் மலையாளி. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்து மலையேறியவர்கள் என்று அவர்களுக்குள் ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு.

ஸ்கூலில் ஒரு ஹால், ஒரு ரூம். ஒண்ணிலிருந்து அஞ்சு வரை ஐந்து வகுப்புகள். ஆசிரியர்கள் இரண்டு பேர். தலைமை ஆசிரியர் அந்த இருவரில் ஒருவர். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, ஏதோ படிவத்தைப் பூர்த்தி செய்யப் போய்விட்டார்.

உட்காருவதற்கு நாற்காலியைத் தேடினேன். ஒன்றே ஒன்று இருந்தது. அதில் சாக்பீஸ் பெட்டி உட்கார்ந்திருந்தது. டீச்சர் தரையில், பிள்ளைகள் நடுவில். கரும்பலகையும் தரைக்கு வந்துவிட்டது. சுவரைச் சுற்றி, ஆறு வயசுப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் கறுப்பாக ஓடுகிறது. ஆளுக்கு ஒரு கட்டம். தலைக்கு மேலே கம்பி கட்டி, கொடியில் துணி காயப் போடுகிற மாதிரி பிள்ளைகள் வரைந்த படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு படத்தில் பஸ் ஒன்று மரத்தைவிட உயரமாக இருந்தது. மலையில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவனுக்கு அது அந்த சைஸில்தான் தெரியும்.

மூலையில் ஒரு கடை. கடைக்காரருக்கு வயசு ஆறு. சரக்கு: கடுக்காய், காலி சோப்பு டப்பா, கூழாங்கல். கரன்சி: புளியங்கொட்டை. நானும் ஒரு கை கொட்டை வாங்கிக்கொண்டு கியூவில் நின்றேன்.

"கடுக்காய் என்ன விலை?"

"ஒண்ணு மூணு."

பத்துக் கொட்டையைக் கொடுத்து ரெண்டு கடுக்காய் கேட்டேன். விரலை மடக்கினான், விரித்தான், உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தான். "பாக்கி நாலு" என்றான். ஆனால் தரவில்லை.

"பாக்கி குடுப்பா."

"சில்லறை இல்ல ஸார். முட்டாய் எடுத்துக்குங்க" என்று நாலு கூழாங்கல்லை என் கையில் வைத்துவிட்டு அடுத்த கஸ்டமரைப் பார்க்கப் போய்விட்டான்.

ரெண்டு மூணு ஆறு. பத்தில் ஆறு போனால் நாலு. கூடவே சில்லறை வியாபாரத்தின் முழு சூட்சுமம். எனக்கு காலேஜில் மூன்று வருஷம் அக்கவுண்டன்ஸி சொல்லிக் கொடுத்தார்கள். கூழாங்கல் வித்தையை மட்டும் கடைசி வரைக்கும் சொல்லித் தரவேயில்லை.

டீச்சரிடம், "நல்லா விளையாடறாங்க" என்றேன்.

"விலையை மூணுன்னு வெச்சது நான்தான் ஸார்" என்றார் டீச்சர். "போன வாரம் ஒண்ணு ரெண்டு. அடுத்த வாரம் நாலு. அஞ்சாம் வாய்ப்பாடு வரைக்கும் கடை நடக்கும். அப்புறம் கடையை மூடிட்டு வேற விளையாட்டு."

அப்போதுதான் எனக்கு அந்த மூலை சரியாகத் தெரிந்தது. வாய்ப்பாட்டுப் புத்தகம் கடை போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது!

அடுத்த மூலையில் ரெண்டு பெண் குழந்தைகள் பல்லாங்குழி. உங்கள் பாட்டி ஆடியிருப்பார். ஏழும் ஏழும் பதினாலு குழி. ஒரு குழியை அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது 'பசு'. எடுத்துக்கொள்ளலாம். கையிலிருக்கிற கொட்டை எந்தக் குழியில் போய்த் தீரும், அதற்கடுத்த குழி காலியா நிறைவா என்று அள்ளுவதற்கு முன்பே மனசுக்குள் ஓட்டிப் பார்த்தவர்தான் ஜெயிப்பார். ஆறு வயசில் இது லேசுப்பட்ட வேலையில்லை. இதற்குக் கூட்டல் என்று பெயர் என யாரும் அந்தக் குழந்தைகளிடம் சொல்லவில்லை. அதனால் பயப்படாமல் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

* * *

இந்தத் தரை டிக்கெட் ஏற்பாட்டுக்கு ஒரு வம்சாவளி இருக்கிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1907-ல் ரோம் நகரத்தில் ஸான் லொரென்ஸோ என்கிற ஏழைப் பேட்டையில், கூலிக்காரர்களின் குழந்தைகளுக்காக ஒரு பள்ளியைத் திறந்தார் டாக்டர் மரியா மாண்டிசோரி. கையால் தொட்டு, அடுக்கி, கலைத்துக் கற்கும் முறை அவருடையது. அந்த அம்மையார் 1939-ல் நம்ம அடையாறுக்கு, தியாஸாஃபிகல் சொஸைட்டிக்குப் பயிற்சி வகுப்பு நடத்த வந்தார். யுத்தம் மூண்டு, இத்தாலிக்காரர் என்பதால் திரும்பிப் போக முடியாமல், அடையாறிலும் கொடைக்கானலிலுமாக 1946 வரை இங்கேயே இருந்தார். ஏழைப் பேட்டையில் ஆரம்பித்த சமாசாரம்! இன்றைக்கு அவர் பேரைப் போர்டில் போட்டால் ஃபீஸில் ஒரு சைபர் கூடிவிடுகிறது.

ஏழைகளுக்கு அது திரும்பி வந்த பாதை வேறு. ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலி. ஜே.கிருஷ்ணமூர்த்தி ஆரம்பித்த பள்ளி. அதைச் சுற்றியுள்ள கிராமங்களில், ஒரே வாத்தியார் எல்லா வகுப்புக்கும் பாடம் நடத்த வேண்டிய குட்டிப் பள்ளிகளுக்காக அங்கே ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகக் கத்தரித்து, ஏணிப்படி மாதிரி வரிசைப்படுத்தினார்கள். பிள்ளை தானே தன் படியைப் பார்த்து, அட்டையை எடுத்து, செய்து முடித்து, அடுத்த படிக்குப் போகும்.

எம்.பி.விஜயகுமார் என்கிற ஐ.ஏ.எஸ். அதிகாரி சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 2003-ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் இதைப் பரீட்சித்துப் பார்த்தார். அடுத்த வருஷமே 264 பள்ளிகள். 2007-08-ல் தமிழ்நாட்டின் அத்தனை அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் போனது. தாழ்ந்த கரும்பலகை, கம்பிப் பந்தல், பிள்ளைகளே போடுகிற அட்டெண்டன்ஸ் எல்லாம் அந்தக் காலத்துச் சொத்துதான்.

பெற்றோர் என்ன சொன்னார்கள்? அதேதான். "புஸ்தகம் இல்ல, ஹோம்வொர்க் இல்ல, வாத்தியார் தரையில ஒக்காந்துக்கறாரு. இது என்ன ஸ்கூலு?" ரசீது பிரச்னை! கொஞ்ச வருஷத்தில் முறை மெல்ல நீர்த்துப் போயிற்று. பிறகு கொரோனா. 2020 மார்ச்சில் மூடிய சின்ன வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. ஒண்ணாம் கிளாஸையே பார்க்காமல் ரெண்டாம் கிளாஸுக்குப் பாஸான பிள்ளைகள் லட்சக்கணக்கில் வந்து நின்றார்கள். அதற்காக 2022 ஜூனில் ஒண்ணு முதல் மூணு வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தை அரசாங்கம் கொண்டுவந்தது. பாட்டு, கதை, பொம்மலாட்டம் என்று வகுப்பறைக்குள்ளேயே தனித்தனிக் களங்கள். பிள்ளைகளை வகுப்புவாரியாக உட்கார வைக்காமல், தெரிந்த அளவை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. பெயர் வைத்தவர் வாழ்க. 'மக்கு வரிசை' என்று பெயர் வைத்திருந்த வாத்தியார்களிடம் நான் படித்திருக்கிறேன்.

* * *

இதெல்லாம் எதற்கு, 'அ - அம்மா, ஆ - ஆடு' என்று கோரஸாகக் கத்தினால் போதாதா?

போதாது என்பதற்குச் சாட்சி அந்த ஹாலிலேயே உட்கார்ந்திருந்தது. அரும்பு வட்டத்தில் ஒரு பையன். ஒண்ணாம் கிளாஸ்தான். சட்டையில் மூணு பட்டன், மூணும் வேற வேற கலர்.

"இவன் திரும்ப வந்து மூணு நாள்தான் ஆகுது ஸார்" என்றார் டீச்சர். "டிசம்பர்ல போனவன். அப்பா அம்மாவோட காபித் தோட்டத்துக்கு."

மலையில் மழையை நம்பிய விவசாயம் முடிந்ததும் கையில் வேலை இருக்காது. கேரளாவிலும் கர்நாடகாவிலும் காபியும் மிளகும் பறிக்கிற சீஸன் ஆரம்பமாகும். குடும்பங்கள் மூட்டை கட்டுகின்றன. பார்த்துக்கொள்ளப் பாட்டி இருந்தால் பிள்ளை ஊரில். இல்லாவிட்டால் பிள்ளையும் மூட்டையோடு மூட்டை.

இப்போது யோசித்துப் பாருங்கள். கோரஸ் கிளாஸில் இந்தப் பையன் ரெண்டு மாசம் கழித்து வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? பாடம் எட்டாவது ஸ்டேஷனைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். இவன் ரெண்டாவது ஸ்டேஷனில் இறங்கினவன். வாத்தியார் வாயைப் பார்ப்பான், பக்கத்துப் பையன் வாயைப் பார்ப்பான், அப்புறம் ஜன்னலைப் பார்ப்பான். 'நமக்குப் படிப்பு ஏறாது' என்று ஒரு நாள் தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொள்வான். படிப்பை நிறுத்தியது ஆறாம் கிளாஸில் என்று ரிஜிஸ்டர் சொல்லும். நிஜமாக நின்றது அன்றைக்குத்தான்.

நம் ஆபீஸிலேயே பத்து நாள் மெடிக்கல் லீவு போட்டுவிட்டுத் திரும்பினால் எப்படி இருக்கிறது? ஃபைல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. மேனேஜர் நம்மைப் பார்க்கிற பார்வை ஒரு மாதிரி இருக்கும். வளர்ந்த ஆம்பளைக்கே அப்படி. ஆறு வயசுக்கு?

பேங்க் பாஸ்புக்கைப் பாருங்கள். ரெண்டு மாசம் பேங்க் பக்கமே போகாவிட்டாலும் பழைய பாக்கி அப்படியே இருக்கும். அந்த இடத்திலிருந்து கணக்கு தொடரும். கோரஸ் கிளாஸோ, லீவு முடிந்து வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓப்பனிங் பேலன்ஸ் சைபர் என்று எழுதிவிடுகிறது. அட்டையும் ஏணியும் வட்டமும் அதை எழுத விடுவதில்லை. பையன் டிசம்பரில் எந்த அட்டையில் விட்டானோ அதைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதே வட்டத்தில் மூணாம் கிளாஸ் பெண் ஒருத்தி. அவளும் எங்கேயோ போய்விட்டு வந்தவள்தான். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் கையில் வேலை இருந்தது.

* * *

மத்தியானச் சத்துணவு முடிந்த பிறகு நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

நாலைந்து பேர் சேர்ந்து புதுசாக ஒரு ஆட்டம் ஆரம்பித்தார்கள். டீச்சர் சொல்லித் தந்ததில்லை. ஒரு பெண் குழந்தை காதில் பென்சில் செருகிக்கொண்டு, மடித்த பேப்பரோடு வந்து நின்றாள். அவள் மேஸ்திரி.

"இந்தா, அட்வான்ஸு பத்து. நாளுக்கு ரெண்டு கூலி" என்று ஆளுக்குப் பத்துக் கொட்டை எண்ணிக் கொடுத்தாள். மற்றவர்கள் புத்தகப் பையை முதுகில் ஏற்றிக்கொண்டு ஹாலைச் சுற்றினார்கள். ஒரு சுற்று, ஒரு நாள். மூணு பட்டன் பையன் நாலு சுற்று சுற்றிவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தான்.

மேஸ்திரி பேப்பரைப் பிரித்தாள். "நீ நாலு நாளுதான் வந்த. சாப்பாட்டுக்கு ரெண்டு. இன்னும் ஆறு நீ தரணும்."

பையன் ஒன்றும் பேசவில்லை. பத்துக் கொட்டையைத் தரையில் பரப்பினான். ரெண்டு ரெண்டாக நாலு தடவை தன் பக்கம் தள்ளிக்கொண்டான். மீதி ரெண்டு. சாப்பாட்டுக்கு இன்னொரு ரெண்டைப் பக்கத்தில் வைத்தான். மறுபடி ஒரு தரம் எண்ணினான்.

"ஆறு இல்ல. நாலுதான்."

"ஆறு!"

"எண்ணிக்கோ!"

சண்டை. டீச்சர் எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் சேந்து எண்ணுங்க" என்றதோடு சரி. எண்ணினார்கள். நாலு. மேஸ்திரி பேப்பரில் அடித்துத் திருத்திக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகள் பார்த்ததைத்தான் விளையாடுவார்கள். இந்தக் கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. சுதந்திரம் வந்து இருபத்தொன்பது வருஷம் கழித்து, எமர்ஜென்ஸி சமயத்தில்தான் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதுவரை ஜாகீருக்குக் கூலியில்லாமல் உழைத்த கதைகள் மலையில் இன்னும் சொல்லப்படுகின்றன. கொத்தடிமை முறையை ஒழிக்கிற சட்டமும் அதே 1976-ல் வந்ததுதான். கள்ளச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு, 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலைமை பற்றித் தானாக முன்வந்து ஒரு வழக்கையே எடுத்துக்கொண்டது. ரோடு, ஆஸ்பத்திரி, ஸ்கூல் எல்லாம் கோர்ட் கேட்க வேண்டியிருந்தது.

கணக்கு படித்தவன் என்கிற முறையில் ஒரு விஷயம் எனக்குத் தெரியும். கடன் வாங்கினவன் கெடுவது வட்டியால் மட்டும் இல்லை. நோட்டு எதிராளி கையில் இருக்கிறது, அதில் எழுதியிருப்பதைக் கூட்டிப் பார்க்க இவனுக்குத் தெரியாது. ஆறு என்றால் ஆறு. எண்ணத் தெரிந்துவிட்டால் காபித் தோட்டத்துக்குப் போகிற கஷ்டம் தீர்ந்துவிடும் என்று நான் அளக்க மாட்டேன். ஆனால் 'எண்ணிக்கோ' என்று சொல்ல ஒரு தொண்டை வேண்டுமே, அது ஒண்ணாம் கிளாஸில்தான் திறக்கிறது. கோரஸில் கத்திப் பழகிய பிள்ளைக்கு எல்லாரோடும் சேர்ந்து 'ஆறு' என்று சொல்லத்தான் வரும்.

* * *

சரி, இவ்வளவு நல்ல சமாசாரம் எல்லா ஊரிலும் ஜாம் ஜாமென்று நடக்கிறதா? அங்கேதான் இடிக்கிறது.

கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி அறுபது பிள்ளைகள் வரை இருக்கிற தொடக்கப் பள்ளிக்கு ரெண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. ஐந்தை இரண்டால் வகுத்தால் ஆளுக்கு இரண்டரை வகுப்பு. அந்த அரை வகுப்பை என்ன செய்வதென்று சட்டத்தில் இல்லை. ஒருவர் மீட்டிங்குக்கோ பயிற்சிக்கோ மலையிறங்கினால் மற்றவருக்கு ஐந்தும்.

"பாடம் நடத்தறது ஈஸி ஸார்" என்றார் டீச்சர். "கத்த விட்டுட்டு நான் பாட்டுக்கு ரிஜிஸ்டர் எழுதலாம். விளையாட வெக்கறதுதான் கஷ்டம். யார் எங்க மாட்டிக்கிட்டான், யார் அடுத்தவன் விரலைப் பார்த்து எண்ணறான்னு கண்ணு சுத்திக்கிட்டே இருக்கணும். அதுல பாதி நேரம் கண்ணு மொபைல்ல இருக்கு."

மொபைலில் அவர் சினிமா பார்க்கவில்லை. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் மதிப்பீட்டை ஆப்பில் ஏற்ற வேண்டும் என்று வைத்தார்கள். மலையில் சிக்னல் மரத்துக்கு மரம் மாறும். கற்பிக்கிற நேரத்தைப் பதிவேற்றம் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் போராட்டமே நடத்தின. தகப்பனாருக்கு ஹோம்வொர்க் நோட்டு மாதிரி, அரசாங்கத்துக்கு ஆப். ஆக, ரசீது வியாதி வீட்டோடு நிற்கவில்லை.

ரிஸல்ட்? நாடு முழுக்கக் கிராமப்புறங்களில் வீடு வீடாகப் போய்ச் சோதிக்கிற 'அசர்' ஆய்வு ஒன்று உண்டு. ரெண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூணாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழ்நாட்டில் 2018-ல் நூற்றுக்குப் பத்துப் பேர். கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் ஐந்து பேருக்கும் கீழே. 2024-ல் மறுபடி பத்தைத் தாண்டியது. ஏறியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நூறு பேரில் எண்பதுக்கும் மேலே இன்னும் வாசிக்கத் திணறுகிறார்கள் என்பதும் அதே கணக்குதான். இரண்டரை வகுப்புக்கு ஒரு ஆள், அந்த ஆளின் பாதிக் கண் மொபைலில் என்றால் புளியங்கொட்டை மட்டும் என்ன செய்யும்?

உங்களில் பலர் ஏப்ரல், மே வந்தால் பிள்ளைக்கு அட்மிஷன் என்று அலைவீர்கள். ஏ.ஸி. கிளாஸ் ரூம் உண்டா, ஸ்மார்ட் போர்டு உண்டா, அபாகஸ் உண்டா என்று கேட்பீர்கள். (அபாகஸ் என்பது கம்பியில் கோத்த புளியங்கொட்டை. ஃபீஸ் தனி.) கேளுங்கள், தப்பில்லை. கூடவே என் பொருட்டு ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்.

"எம் பிள்ளை உடம்பு சரியில்லாம ரெண்டு மாசம் வரலைன்னா, திரும்பி வர்ற அன்னிக்கு அவன் எங்க ஒக்காருவான், என்ன செய்வான்?"

யோசித்து ஒரு பதில் சொன்னார்களானால், கட்டிடம் ஓட்டுக் கட்டிடமாக இருந்தாலும் சேர்த்துவிடலாம். "நோட்ஸ் ஜெராக்ஸ் எடுத்துக்கலாம் ஸார்" என்றால், மரியாதையாக ஒரு வணக்கம் போட்டுவிட்டுச் செருப்பைத் தேடுங்கள்.